பிரேக் பிடிச்சா வண்டி உதறுதா? டிஸ்க்கை மாத்துறதுக்கு முன்னால் ஒரு பாடம்



இந்த மாதத் தொழில் பாடம் வண்டி பிரேக் பற்றியது. "பிரேக்குக்கும் நமக்கும் என்னக்கா சம்பந்தம், அது டிரைவர் பாடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மீனோ கருவாடோ, கடல்பாசியோ முண்டு மிளகாயோ, நம்ம பொருள் சந்தைக்குப் போவது வண்டியில்தான். குழுக் கடனில் வாங்கிய குட்டி யானைக்கு மாதாமாதம் தவணை கட்டுவது நாம். விடியற்காலையில் அதில் ஏறிப் போவதும் நாம். (பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போகிறவர்களும் உண்டு. சரக்கு வண்டியில் அப்படி ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. அது தனிப் பாடம்.)

உங்கள் குழுவின் வரவு செலவு நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். "பிரேக் வேலை" என்று ஒரே வரியில் ஒரு தொகை இருக்கும். எந்தச் சக்கரம், என்ன பொருள், யார் கம்பெனி, எதுவும் இருக்காது. டீசலுக்கு லிட்டர் கணக்குக் கேட்கிற நாம் பிரேக்குக்கு ஒரு கேள்வி கேட்பதில்லை. என்ன கேட்பது என்று தெரியாததுதான் காரணம்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போய் வந்தாச்சு. பாம்பனிலிருந்து ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு முதல் லோடு ஏற்றியிருக்கிறோம். இரண்டு மாதமாக வீட்டு வாசலில் சும்மா நின்ற வண்டி. பாலத்தில் ஏறியதும் முன்னால் ஒரு சுற்றுலா வேன், கடலைப் படம் எடுக்கப் பட்டென்று நிற்கிறது. டிரைவர் தம்பி பிரேக்கில் கால் வைக்கிறார். பெடல் காலைத் தள்ளித் தள்ளித் துள்ளுது. ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் ஆடுது. பின்னால் பெட்டியெல்லாம் கடகடங்குது. வண்டி நின்றுவிட்டது, ஆனால் நினைத்த இடத்தில் இல்லை, நாலு அடி தள்ளி.

1988 அக்டோபர் 2-ல் திறந்த இந்தச் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ரெண்டு பக்கமும் கடல், நடுவில் ஒதுங்க இடமில்லை. அங்கே அந்த நாலு அடி சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் சொல்வார்: "அக்கா, டிஸ்க் பெண்டாயிருச்சு. ரெண்டு டிஸ்க்கும் மாத்திரணும், பேடும் மாத்திரணும்." மாத்தணுமா வேண்டாமா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

டிஸ்க் என்பது என்ன?

குட்டி யானை, பிக்கப் மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் டிரம் பிரேக். சக்கரத்தின் உள்பக்கம், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற வட்டமான இரும்புத் தட்டுதான் டிஸ்க். வார்ப்பிரும்பில் செய்தது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் இடுக்கி தெரியுமில்லையா, அதைப்போல ஒன்று அந்தத் தட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதுதான் காலிபர். இடுக்கியின் ரெண்டு வாயிலும் ஒவ்வொரு பிரேக் பேட். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிபருக்குப் போய், ரெண்டு பேடும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும். ஓட்டத்தின் வேகம் அங்கே சூடாக மாறும்.

சைக்கிள் ரிம் கோட்டமாகிவிட்டால் பிரேக் கட்டை ஒரு இடத்தில் உரசி உரசிப் போகும். கடைக்காரர் ஸ்போக்கை இழுத்துக் கோட்டம் எடுத்துத் தருவார். டிஸ்க்கும் அப்படித்தான் வளைந்துபோகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். "பெண்டு" என்று சொல்வதும் அதனால்தான். ஆனால் தட்டு நிஜமாகவே வளைந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு. தட்டின் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போய்விடுகிறது, ஒரு இடம் கனமாக, ஒரு இடம் மெலிசாக. கனமான இடம் வரும்போது பேடைப் பின்னுக்குத் தள்ளும், பேடு ஆயிலைத் தள்ளும், ஆயில் பெடலைத் தள்ளும், பெடல் காலைத் தள்ளும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தள்ளு. நாம் உணர்கிற உதறல் அதுதான்.

இந்தக் கன வித்தியாசம் 0.02 மி.மீ. இருந்தாலே காலில் தெரிய ஆரம்பிக்கும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. அதனால் "பாருங்கக்கா, கண்ணாலேயே தெரியுது பெண்டு" என்று யாராவது காட்டினால், அவர் காட்டுவது வேறெதையோ. கருவி வைத்து அளக்காமல் இதைச் சொல்லவே முடியாது.

கனம் ஏன் மாறுது?

முதல் காரணம் நம்ம கடற்கரைக்கே உரியது: நிறுத்தி வைப்பது. உப்புக் காற்றில் டிஸ்க் ஒரே ராத்திரியில் லேசாகப் பழுப்பேறும். காலையில் ரெண்டு மூணு தடவை பிரேக் பிடித்ததும் அது போய்விடும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தடைக்காலம் முழுக்க வண்டி ஒரே இடத்தில் நின்றால் கதை வேறு. பேடு கவ்வியிருக்கிற இடத்தில் ஈரமும் உப்பும் தங்கும். பேடுக்கு வெளியே ஒரு மாதிரியும் அடியில் ஒரு மாதிரியும் துருப் பிடிக்கும். கடைசியில் டிஸ்க்கில் பேடின் வடிவத்திலேயே ஒரு தழும்பு விழும். ஜூன் மாதம் முதல் லோடில் உதறுவது அந்தத் தழும்புதான்.

உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1914-ல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி துருவால் வலுவிழந்து, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கிறவரை தீவுக்கு ரயில் இல்லை. காரைக்குடியில் இருக்கிற சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் துருவைப் பற்றி ஆராய மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. நம்ம வண்டியும் அதே காற்றில்தான் நிற்கிறது.

இதற்கு வைத்தியம் செலவில்லாதது. தடைக்காலத்தில் வாரம் ஒரு தடவை வண்டியை எடுத்து நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, பத்துப் பன்னிரண்டு தடவை நன்றாகப் பிரேக் பிடித்து, பிரேக் காய்ந்தபின் நிறுத்தணும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் விடக்கூடாது. பின் சக்கர டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும். "ஓடாத வண்டிக்கு எதுக்கு டீசல்" என்று சில வீட்டில் சண்டை வரும். வாரம் அரை லிட்டர் டீசல் எவ்வளவு, ரெண்டு டிஸ்க் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது காரணத்தை நம்மைவிட நன்றாக யாருக்கும் புரியாது. புதுத் தோசைக்கல்லை வாங்கி வந்த உடனே மாவு ஊற்றினால் என்ன ஆகும்? ஒரு இடத்தில் ஒட்டும், ஒரு இடத்தில் கிளம்பும். அதனால்தான் எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, ரெண்டு நாள் பழக்குகிறோம். டிஸ்க்கும் அப்படித்தான். பேடிலிருந்து மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படியணும், அப்போதுதான் பிடிப்பு சரியாக வரும். புதுப் பேடு போட்ட அன்றே முழு லோடு ஏற்றி, கொதிக்கிற சூட்டில் அழுத்தி நிறுத்தி, காலை எடுக்காமல் அப்படியே நின்றால், பேடு அந்த இடத்தில் திட்டாக ஒட்டிவிடும். சூடு மீண்டும் மீண்டும் ஏறினால் திட்டுக்கு அடியில் இருக்கிற இரும்பே இறுகிப்போகும். பிறகு சுரண்டினாலும் போகாது.

நம்ம பக்கம் மலைச்சாலை இல்லையே, அவ்வளவு சூடு எப்படி வரும் என்று கேட்கலாம். லோடுதான் காரணம். முக்கால் டன் ஏற்றுகிற வண்டியில் ஒன்றரை டன் ஐஸும் மீனும் ஏற்றுகிறோம். வேகம் இன்னும் மோசம். 40 கி.மீ. வேகத்தில் போகிற வண்டியை நிறுத்துவதைவிட 60-ல் போகிற வண்டியை நிறுத்த பிரேக் இரண்டே கால் மடங்கு சூட்டைத் தாங்கணும். ஏலம் தப்பிவிடுமென்று பறக்கிற அன்றைக்குத்தான் லோடும் அதிகமாக இருக்கும்.

மூன்றாவது காரணம் பட்டறையிலேயே உண்டாவது. டிஸ்க் போய் உட்கார்கிற இடத்துக்கு ஹப் என்று பெயர். அந்த முகத்தில் துருப் பொருக்கு இருக்கும்போதே மேலே புது டிஸ்க்கை மாட்டினால், அம்மிக்கு அடியில் பொடிக்கல் கிடந்த மாதிரி டிஸ்க் லேசாகச் சாய்ந்து உட்காரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆனால் சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஒரே இடத்தில் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபிறகு அந்த இடம் மெலிந்து உதறல் தொடங்கும். "போன வருஷம்தானே புது டிஸ்க் போட்டோம், கம்பெனி சரியில்லை" என்று டிஸ்க்கைத் திட்டுவோம். குற்றம் டிஸ்க்கில் இல்லை, கம்பி பிரஷ் போட்டு ஹப்பைத் தேய்க்காத அந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. வீல் நட்டை ஒரு பக்கமாகவே ஏற்றி இறுக்கினாலும் இதே கதைதான். எதிரெதிராக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும்.

நான்காவது, காலிபர் நகர்கிற பின் உப்பில் இறுகிப்போவது. காலை எடுத்தபிறகும் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

பட்டறைக்குப் போகுமுன் நாமே பார்ப்பது

உதறல் பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, சும்மா ஓடும்போதும் இருக்கா? சும்மா ஓடும்போதும் இருந்தால் முதலில் டயரையும் வீலையும் பார்க்கணும், பிரேக்கை அல்ல. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டீயரிங் ஆடாமல் இருக்கையும் பெடலும் மட்டும் துள்ளினால் பின் டிரம் முட்டை வடிவமாகப் போயிருக்கலாம். பின் டிரம்மில் கோளாறை வைத்துக்கொண்டு முன் டிஸ்க்கை மாற்றினால் பணம் போகும், உதறல் இருக்கும்.

சூட்டையும் பாருங்கள். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், தோல் பொத்துப்போகும். ஒரு சக்கரம் மட்டும் அனலாக அடித்தால் அங்கே பின் இறுகியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் டிஸ்க்கும் பேடும் மாற்றினால் புதுசும் சீக்கிரமே பழசாகிவிடும்.

இவ்வளவையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பிறகு நிதானமாக, "தம்பி, டயல் கேஜ் வச்சுப் பார்த்தீங்களா? எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள். டிஸ்க் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுகிற முள் கடிகாரம் அது. பொதுவாக 0.1 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது, பல கம்பெனிகள் அதைவிடக் குறைவாகவே வைத்திருக்கின்றன. அதிகம் காட்டினால் உடனே டிஸ்க்கைத் தூக்கிப்போடக் கூடாது. கழற்றி, ஹப் முகத்தைத் தேய்த்துச் சுத்தம்செய்து, திரும்ப மாட்டி அளக்கணும். பாதி வண்டிக்கு அதிலேயே குறைந்துவிடும். கனத்தை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் ஆறு எட்டு இடத்தில் அளக்கணும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், எடுத்துக் காட்டுவார். கருவியே இல்லாத பட்டறையாக இருந்தால் ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ கருவி இருக்கிற இடத்துக்கு ஒரு தடவை கொண்டுபோவது நஷ்டமில்லை.

கடைவதா, மாற்றுவதா?

கனம் மாறியிருக்கிறது என்று அளந்து தெரிந்துவிட்டால் இரண்டு வழி. லேத்தில் கொடுத்து ரெண்டு முகத்தையும் கடைந்து சீராக்கலாம், இல்லையென்றால் புதுசு போடலாம். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் குடத்திலோ குறைந்தபட்ச கனம் என்று ஒரு எண் வார்த்திருக்கும். கடைந்தபிறகும் கனம் அந்த எண்ணுக்கு மேலே நல்ல இடைவெளியோடு இருந்தால் கடையலாம். அதற்குக் கீழே போனால் கூடவே கூடாது. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், வெடிப்பு விடும். கடைந்தாலும் மாற்றினாலும் இடமும் வலமும் சேர்த்துச் செய்யணும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எங்கள் கருத்து இது: துரு மேலோட்டமாக இருந்து, டிஸ்க் கனமாக இருந்தால் ஒரு தடவை கடைவது லாபம். குழி குழியாகத் துரு தின்றிருந்தாலோ ஓரம் பொரிந்திருந்தாலோ கடைசல் கூலி வீண், புதுசே போடுங்கள். சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது தகரம் இல்லை, வார்ப்பிரும்பு. உடையும்.

பேடு வாங்குவது எப்படி?

இங்கேதான் நம் பணம் அதிகம் ஏமாறுகிறது. கடையில் ஒரே வண்டிக்கு மூணு நாலு விலையில் பேடு இருக்கும். விலை குறைந்ததை எடுத்தால் மிச்சம் என்று தோன்றும். "ஹார்டு பேட் போடுங்க, ரொம்ப நாள் வரும்" என்று இன்னொரு யோசனை வரும். பேடு நீண்ட நாள் வரும், சரி. அது டிஸ்க்கைத் தின்றுகொண்டு வரும். பேடைவிட டிஸ்க் விலை அதிகம் என்பதை மறக்கக்கூடாது.

பேடில் மூன்று நான்கு வகைகள் இருந்தாலும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். நாரும் பிசினும் சேர்ந்த சாதாரண பேடு மிருதுவாக இருக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கைத் தொந்தரவு செய்யாது, ஆனால் சீக்கிரம் தேயும். இரும்புத் தூள் கலந்த செமி மெட்டாலிக் பேடு அதிகச் சூடு தாங்கும். ஆனால் கூச்சல் போடும், டிஸ்க்கைத் தேய்க்கும், நம்ம உப்புக் காற்றில் அந்த இரும்பும் துருப் பிடிக்கும். செராமிக் என்று விலை கூடிய ரகம் கார்களுக்கு விற்கிறார்கள், தூசி குறைவு. மீன் லோடு வண்டிக்கு அது தேவையில்லாத செலவு. வண்டிக் கம்பெனி எந்த ரகத்தைச் சொல்லியிருக்கிறதோ அதையே கேளுங்கள். அவர்கள் வண்டியின் எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அசல் கம்பெனிப் பேடுதான் போடணும் என்று கட்டாயமில்லை. பேடும் லைனிங்கும் செய்கிற பெரிய தொழிற்சாலைகள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. சென்னைப் பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, அதே பாடியில் 1974-ல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ராணே ஆகியவை தெரிந்த பெயர்கள். வண்டிக் கம்பெனிகளுக்கே கொடுக்கிறவர்களின் பேடு வெளிக்கடையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பிரச்சினை போலிகள்தான். தெரிந்த பெயரையே ஒரு எழுத்து மாற்றி அச்சடித்த பெட்டி, விலையும் தொகுதி எண்ணும் இல்லாத பெட்டி, பாலித்தீன் பையில் உதிரியாகக் கொடுக்கிற பேடு, இவை எதையும் தொடாதீர்கள்.

பெட்டியில் "நான் ஆஸ்பெஸ்டாஸ்" என்று எழுதியிருக்கா என்று பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் போய்த் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். பட்டறையில் வேலை செய்கிற வீட்டுக்காரரின் சட்டையை உதறித் துவைக்கிற பெண்ணுக்கும் அது போகும். எந்தப் பேடாக இருந்தாலும் பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ விடாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பட்டறைத் துணியை உதறாமல் நேராகத் தண்ணீரில் போடுங்கள்.

பல பேடுகளின் ஓரத்திலோ பின்புறத்திலோ நீளமான குறியீடு இருக்கும். அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து நிற்கும். "ஈ ஈ" என்றோ "எஃப் எஃப்" என்றோ இருக்கலாம். முதல் எழுத்து சாதாரண சூட்டில் பிடிப்பு, இரண்டாவது நன்றாகச் சூடேறியபின் பிடிப்பு. ஈயைவிட எஃப்புக்குப் பிடிப்பு அதிகம், எஃப்பைவிட ஜிக்கு அதிகம். முதலாவதைவிட இரண்டாவது எழுத்து தாழ்ந்திருந்தால் சூட்டில் பிடிப்பு குறையும் என்று அர்த்தம். பழைய பேடில் என்ன எழுத்தோ அதையே பார்த்து வாங்கினால் போதும். பிள்ளைகள் யாராவது படித்துச் சொல்லட்டும்.

எப்போது மாற்றுவது? உலோகத் தகடை விட்டுவிட்டு, மேலே இருக்கிற தேய்மானப் பகுதி மட்டும் 3 மி.மீ. ஆனதும் மாற்றுங்கள். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். சில பேடுகளில் சிறு தகரத் துண்டு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டு "கீச்" என்று கத்தும். ரேடியோவைச் சத்தமாக வைத்து அதை மறைக்கிற டிரைவரும் உண்டு.

கடற்கரையில் கனம் மட்டும் பார்த்தால் போதாது. பின்தகட்டில் துரு ஏறி, பொரிந்து, தேய்மானப் பகுதியைத் தகட்டிலிருந்து கிளப்பிவிடும். சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு கிளம்புகிற மாதிரி. கனம் பாதி மிச்சமிருந்தும் ஒரு நாள் பிரேக் பிடிக்கும்போது அப்படியே பெயர்ந்து வந்துவிடும். டிரம் பிரேக்கின் ஷூவுக்கும் இதே ஆபத்து உண்டு. ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

மாற்றும்போது இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்து நாலு பேடும் மாற்றணும். காலிபர் பின்னைக் கழற்றிச் சுத்தம்செய்து, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கோன் கிரீஸ் தடவணும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற பொருள். நம்ம ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 3-ஆ டாட் 4-ஆ என்று மூடியில் எழுதியிருக்கும், வேறு எந்த எண்ணெயும் ஊற்றக் கூடாது.

"பில் வேண்டாம்னா விலை குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். வாகன உதிரிபாகத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அந்தப் பதினெட்டை மிச்சம் பிடிக்கப் போனால், பேடு போலியாக இருந்தாலும் கேட்க வழியில்லை. குழுவின் பெயரில் பில் வாங்குங்கள்.

ஸ்கூட்டர் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு

2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் ரூ.25,000 மானியம் என்று ஸ்கூட்டர் வாங்கியவர்கள் நம்மில் உண்டு. அவற்றில் பெரும்பாலும் டிரம் பிரேக், உள்ளே பேடு இல்லை, ஷூ. பிரேக் பிடித்தால் உதறுவது, லிவர் கைப்பிடிவரை வருவது, கர்கர் என்ற சத்தம், இவை வந்தால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். வண்டி ஆறியபின் நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவி, கொஞ்ச தூரம் மெதுவாகப் பிரேக் பிடித்து ஓட்டிக் காயவையுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் அடிக்கக் கூடாது. லோடு வண்டியை ஓட்டிவந்த கையோடு வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். பைக்கில் இருக்கிற டிஸ்க் மெலிசான எவர்சில்வர் தட்டு, அதைக் கடையக் கூடாது. கோட்டமானால் மாற்றுவதுதான் வழி.

புதுப் பேடைப் பழக்குவது

பேடோ டிஸ்க்கோ மாற்றிய அன்று லோடு ஏற்ற வேண்டாம். விடியற்காலையில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் வண்டி நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, பின்னால் யாரும் வராதபோது, 50 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரைக்கும் மிதமாகப் பிரேக் பிடித்துக் குறைக்கணும். முழுசாக நிறுத்தக் கூடாது. மறுபடி வேகமெடுத்து, முக்கால் நிமிஷம் ஒரு நிமிஷம் ஆறவிட்டு, மறுபடி. இப்படி இருபது தடவை. பிறகு பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவைக்கணும். அடுத்த 200, 300 கிலோமீட்டர் அவசரத்துக்குத் தவிர அழுத்திப் பிடிக்க வேண்டாம். பாலத்தின்மேல் இதைச் செய்யக் கூடாது.

மாற்றிய பழைய பேடு நாலையும் கேட்டு வாங்கி வாருங்கள். அது குழுவின் சொத்து. கூட்டத்தில் பாய்மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். உள்பேடு தேய்ந்து வெளிப்பேடு அப்படியே இருந்தால் பின் இறுகியிருந்தது. ஒரே பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தால் காலிபர் கோணலாக நகர்ந்தது. நாலும் இன்னும் பாதிக்கு மேல் கனமாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று பட்டறையில் கேட்கலாம். தேதி, ஓடிய கிலோமீட்டர், எந்தச் சக்கரம், பேடு கம்பெனி, டிஸ்க் கனம் என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். எழுதத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும்.

கூட்டத்தில் பேச:

நம் குழு வண்டிக்குக் கடைசியாகப் பிரேக் வேலை எப்போது நடந்தது, பில் இருக்கிறதா?

வருகிற தடைக்காலத்தில் வண்டியை வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டுவது யார் பொறுப்பு, டீசலுக்கு எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது? தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளவும்.

ஒரு நடைக்கு எத்தனை பெட்டி வரை ஏற்றலாம் என்று நாம் முடிவு செய்திருக்கிறோமா, அல்லது அன்றன்று வருவதையெல்லாம் ஏற்றுகிறோமா?